முந்துதா? பிந்துதா?

டிஸ்கி: இது நாற்பத்தாறு வயசுல டி.ஜே. வேலை கத்துக்கிற ஒருத்தனோட பதிவு. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. பதிவு கொஞ்சம் நீளம். காபி கலந்து எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

டி.ஜே.ன்னு சொன்னதும் நிறைய பேர் ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்ச்சு 'விக்கி விக்கி'ன்னு சத்தம் வர வைக்கிறதைத்தான் நினைக்கிறாங்க. அதுக்கு ஸ்க்ராட்ச்னு பேரு. அது சின்னப் பசங்க சமாச்சாரம், நம்ம மணிக்கட்டு தாங்காது. நான் கத்துக்கறது பீட்மேட்சிங். ஒரு பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டு வந்து, இதோட அடி மேல அதோட அடி விழற மாதிரி சேர்த்து, ஆடுறவங்க கால் நிக்காம மெதுவா இதுல இருந்து அதுக்கு மாத்தி விடுறது. நல்லா செஞ்சா யாருக்கும் தெரியாது. மோசமா செஞ்சா ஊருக்கே தெரியும். நம்ம சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை மாதிரியேதான் :-)

இதைப் பிரபலமாக்கின ஆள்னு எல்லாரும் கை காட்டுறது நியூயார்க்ல சாங்ச்சுவரிங்கற கிளப்ல ரெக்கார்ட் போட்ட ஃப்ரான்சிஸ் கிராஸோவைத்தான். 1960கள் முடிஞ்சு 1970கள் தொடங்குற சமயம். சிகாகோ ட்ரான்சிட் அத்தாரிட்டி குழுவோட ட்ரம்ஸ் மேல லெட் செப்பெலின் பாட்டை ஏத்தி ரெண்டையும் நிமிஷக்கணக்கா சேர்த்து ஓட்டுவாராம். இதுல நாம கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு ரெக்கார்டுமே மனுஷன் கையால ட்ரம்ஸ் அடிச்சது. மெஷின் இல்ல. மனுஷன் அடிச்சா பாட்டு ஒரே வேகத்துல நிக்காது, உற்சாகம் வந்தா ஓடும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் உக்காரும். அந்த ரெண்டையும் அந்த மனுஷன் காதை மட்டும் வெச்சுக்கிட்டு கட்டிப் போட்டிருக்கார்.

கொஞ்சம் கணக்கு பாத்துடலாமா? ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 120 அடி. இன்னொண்ணு 123. ஆரம்பத்துல ரெண்டையும் சரியா ஒண்ணா விட்டுட்டீங்கன்னு வெச்சுக்குங்க. பத்தாவது செகண்ட்ல ரெண்டாவது பாட்டு அரை அடி முன்னால போயிருக்கும். அதாவது இதோட அடி அதோட ரெண்டு அடிக்கு நட்ட நடுவுல விழும். கேக்கறவனுக்கு மாடிப்படியில ரெண்டு பேர் ஷூ காலோட இறங்கற மாதிரி இருக்கும். சரி, ரொம்ப கவனமா 120, 121ன்னு பக்கத்துல கொண்டு வந்துட்டீங்க. அப்பவும் அரை நிமிஷத்துல அதே நிலைமைதான். ஆக, "ஒரு தடவை சரி பண்ணியாச்சு, இனிமே தானா ஓடும்"ங்கற பேச்சே இதுல கிடையாது.

இதுக்குன்னே பிறந்த மாதிரி ஒரு மெஷின் இருக்கு. டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200. முதல்ல வந்தது 1972ல. டி.ஜே.க்கள் கொண்டாடுற எம்.கே.2 வந்தது 1979ல. 2010ல தயாரிப்பை நிறுத்தி, 2016ல மறுபடி அந்த வரிசையை ஆரம்பிச்சாங்க. பெல்ட் கிடையாது, மோட்டாரே நேரா தட்டைச் சுத்தும். அதனால ரெக்கார்டை விரலால பிடிச்சு நிறுத்தி விட்டாலும் சட்டுனு வேகம் எடுத்துக்கும். வலது பக்கம் ஒரு நீளமான குமிழ், அதை மேல கீழ தள்ளினா வேகம் 8 சதவீதம் வரைக்கும் கூடும், குறையும். 120 அடி பாட்டை ஏறக்குறைய 110ல இருந்து 130 வரைக்கும் இழுக்கலாம். ஆனா சும்மா கிடைக்குமா? வேகம் கூடினா சுருதியும் கூடும். 6 சதவீதம் ஏத்தினா ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிடும். எஸ்.பி.பி. குரல் கொஞ்சம் இளைச்ச மாதிரி கேக்கும்.

ஆபீஸ்ல ஒருத்தர் கனடாவுக்குக் குடி போகும்போது ஒரு ஜோடி எம்.கே.2வையும் ஒரு மிக்ஸரையும் என் தலையில கட்டிட்டுப் போனார். என்ன விலைன்னு தங்கமணிக்கு இன்னும் முழுசா தெரியாது. இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கங்கற நம்பிக்கையில எழுதறேன்.

இப்ப இடத்தைச் சொல்லணும். நான் தூத்துக்குடிக்காரன். பிழைப்பு மைசூர்ல. (மைசூருன்னு பேரை மாத்தி 2014ல இருந்து வருஷம் ஓடியாச்சு, வாய் கேக்க மாட்டேங்குது.) குடியிருக்கறது அக்ரஹாரத்துல, ராமானுஜா ரோட்டை விட்டு உள்ள போற ஒரு தெருவுல. நூத்தியொரு கணபதி கோயில், வாணி விலாஸ் மார்க்கெட், தியாகராஜா ரோடு எல்லாம் நடக்கற தூரம். தியாகராஜர் பேர்ல இருக்கற ரோட்டுக்குப் பக்கத்துல உக்காந்து டிஸ்கோ ரெக்கார்ட் தேய்க்கறேனேன்னு முதல்ல கொஞ்சம் உறுத்தத்தான் செஞ்சுது. வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒண்ணுதான். அதனால ராத்திரி எட்டு மணிக்கு மேல ஹெட்போன் மட்டும். மீன் கூடாதுங்கறது குடி வரும்போதே போட்ட கண்டிஷன். தூத்துக்குடிக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனைன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அம்மா போனதுக்கப்புறம் அப்பாவை இங்க கூட்டிட்டு வந்தோம். அப்பா ஊர்ல மைக்செட் வெச்சிருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழான்னு சுத்துப்பட்டு முழுக்க அவரோட குழாய் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். பந்தல்ல சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டுல ஆரம்பிச்சு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒண்ணு, பந்திக்கு ஒண்ணுன்னு அவர் மனசுக்குள்ள ஒரு வரிசை இருக்கும். அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு ரெக்கார்ட் பிளேயர். அதனால ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த தட்டை வைக்கிற இடைவெளியில மைக்கைப் பிடிச்சு யாரையாவது வரவேற்பார். சத்தம் நின்னா "கரண்ட் போச்சா"ன்னு பந்தல்ல இருந்து நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. அது அவருக்கு மானப் பிரச்சினை.

அவர் தூத்துக்குடியில இருந்து ஏறி வந்தப்போ கூட வந்தது ஒரு டிரங்குப் பெட்டி. உள்ள முழுக்க ரெக்கார்ட். நாலு பாட்டு வர்ற 45 சுத்து சின்னத் தட்டு, 33 சுத்து பெரிய தட்டு, அடியில கொஞ்சம் பழைய 78. எம்.கே.2ல 78 கிடையாதுன்னு சொன்னதும் "இது என்னல மெஷினு"ன்னுட்டுப் போயிட்டார். அதோட அந்த ரூம் பக்கமே வரல.

அது பரவாயில்ல. மத்த எதுக்கும்கூட வராம இருந்தார், அதுதான் கவலை. மார்க்கெட்ல நிறைய பேருக்கு இங்க தமிழ் தெரியும், ஆனா அவங்க சொல்றதே அப்பாவுக்குக் காதுல சரியா விழல. நாம ஒண்ணு கேட்டா அவர் இன்னொண்ணுக்கு பதில் சொல்வார். பேரன் பேசறது சுத்தமாப் புரியல. ரெண்டு மூணு தடவை "என்ன, என்ன"ன்னு கேட்டுட்டு, அப்புறம் புரிஞ்ச மாதிரி தலையாட்ட ஆரம்பிச்சார். தலையாட்ட ஆரம்பிச்சா விஷயம் முத்திப் போச்சுன்னு அர்த்தம்னு எனக்கு அப்ப தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை "சாயங்காலம் ரயில் இருக்குல்லா, ஏத்தி விட்டுருல"ம்பார். ஊர்ல பூட்டின வீட்டைத் தவிர யாரும் இல்ல.

காது டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் எடுத்தோம். அந்த ரிப்போர்ட்டை எல்லாரும் ஒரு தடவை பாக்கணுங்க. இடது பக்கம் கீழ்ச்சத்தம், 250 ஹெர்ட்ஸ். வலது பக்கம் மேல்சத்தம், 8000 வரைக்கும். அப்பாவோட கோடு இடது பக்கம் ஏறக்குறைய நல்லா இருந்து, வலது பக்கம் போகப் போக சரிஞ்சு விழுது. வயசாகும்போது காது பொதுவா இப்படித்தான் போகுமாம், மேல்சத்தம் முதல்ல. ச, த, ப, க மாதிரி எழுத்துக்களைப் பிரிச்சுக் காட்டுற சத்தம் பெரும்பாலும் அந்த வலது பக்கம்தான் இருக்கு. அ, ஆ, ஓ எல்லாம் இடது பக்கம். அதனால யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. பல்லா, கல்லான்னு குழப்பம். நாம உடனே கத்தறோம். கத்தினா 'அ'தான் பெருசாகுது, 'ப'வும் 'க'வும் அப்படியேதான் இருக்கு. ரெண்டு வருஷமா வீட்ல நாங்க எல்லாரும் கத்திக்கிட்டுத்தான் இருந்தோம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ரெண்டு நாள் போட்டுட்டு "ஒரே இரைச்சல்"னு டிராயர்ல வெச்சுட்டார்.

இனிமேதான் விஷயமே.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் ரெண்டு மெஷின்லயும் பாட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணு அப்பாவோட பெட்டியில இருந்து எடுத்தது, 'நினைத்தாலே இனிக்கும்', எம்.எஸ்.வி. இசை, 1979. இன்னொண்ணு சரண்ஜித் சிங் 1982ல டிஸ்கோ தாளத்துல பத்து ராகம்னு பண்ணின ரெக்கார்டு. வந்தப்ப யாரும் சீந்தல, 2010ல மறுபதிப்பு வந்ததும் உலகம் முழுக்கத் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. அதுல தாளம் ரோலண்ட் 808ங்கற மெஷின், அதனால வேகம் மாறவே மாறாது. கத்துக்கறவங்களுக்கு ஒரு பக்கம் அப்படி நிக்கற ரெக்கார்ட் இருக்கறது நல்லது. அப்பா ரூமுக்கு வெளியில நாற்காலியில உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தார். பேப்பரைக் கீழ இறக்காமலே சொன்னார்:

"ஏலே, ஒண்ணு பிந்துதுல."

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் ஆறேழு அடி போனதுக்கப்புறம்தான் எனக்குக் கேட்டுது. எம்.எஸ்.வி. தட்டு மயிரிழை பிந்தி இருந்துது.

பக்கத்துல உக்கார வெச்சு இன்னும் நாலு தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால சொல்லிட்டார். ஸ்பீக்கர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு, "முந்துது", "இப்ப சரி", "பிந்துது, பிந்துது". யோசிச்சுப் பாத்தா இதுல மாயம் எதுவும் இல்ல. ட்ரம்ஸோட அடிச்சத்தம் 50, 100 ஹெர்ட்ஸ்ல இருக்கு. அதாவது அவரோட ரிப்போர்ட்ல நல்லா இருக்கற இடது பக்கம். கூடவே நாற்பது வருஷப் பழக்கம். கிராமத்துல ஜெனரேட்டர்ல ஓட்டும்போது, வோல்டேஜ் இறங்கும்போது எல்லாம் அந்தக் காலத்து ரெக்கார்ட் பிளேயர் மோட்டார் வேகம் குறையும், பாட்டு இழுக்கும். பந்தல்ல இருக்கறவனுக்குத் தெரியறதுக்கு முன்னால மைக்செட்காரனுக்குத் தெரியணும். தெரியலைன்னா கல்யாண வீட்டுக்காரன் கூலியில பிடிப்பான். பீட்மேட்சிங்ங்கற வார்த்தையே கேள்விப்படாம, அதோட கஷ்டமான பாதியை அவர் தூத்துக்குடி பந்தல்லயே கத்துக்கிட்டு வந்திருக்கார்.

கத்துக்கறவங்களுக்கு எங்கயும் சொல்ற பாடம் இதேதான். வேகம் வித்தியாசப்படுதுன்னு கண்டுபிடிக்கறது சுலபம். எது முன்னால போகுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். அது தெரியாம குமிழைத் தள்ளினா பாதி நேரம் தப்புப் பக்கம் தள்ளுவோம். தெரிஞ்சுட்டா வேலை சின்னது. பிந்தினா தட்டு ஓரத்துல விரலால லேசா ஒரு தள்ளு, முந்தினா லேசா ஒரு தடவல், அப்புறம் குமிழை ஒரு நூல் நகர்த்தணும். மறுபடி கேக்கணும். கர்நாடகாக்காரங்க பஸ்ல, க்யூவுல, எங்கயும் சொல்ற "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"தான் மொத்த வித்தையும். கொஞ்சமா அட்ஜஸ்ட் பண்ணு, அடிக்கடி பண்ணு.

பையன் ஒத்துக்கல. அவனுக்கு பதினாலு வயசு. "அப்பா, லேப்டாப்ல சிங்க் பட்டன் இருக்கு, ஒரே அமுக்கு"ன்னான். சரிடான்னு அவனை உக்கார வெச்சேன். புதுப் பாட்டு ரெண்டை எடுத்தான், கச்சிதமா சேர்ந்துது, ஒத்துக்கிட்டேன். அப்புறம் தாத்தா பெட்டியில இருந்த பாட்டைப் போடச் சொன்னேன். சாஃப்ட்வேர் பாட்டு முழுக்க ஒரே வேகம்னு நினைச்சு சமமா கட்டம் போட்டுக்குது. இந்தப் பாட்டெல்லாம் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா உக்காந்து வாசிச்சது. முதல் சரணம் தாண்டறதுக்குள்ள கட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அந்தக் கட்டத்தையும் கையால திருத்தலாம்தான். திருத்தறதுக்கு எது முந்துது, எது பிந்துதுன்னு கேக்கத் தெரியணும். சுத்திச் சுத்தி தாத்தாகிட்டதான் வரணும் :-)

இன்னொரு பாதியைச் சொல்லிக் கொடுத்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற பாட்டு டீச்சரம்மா. சாயங்காலமானா சின்னக் குழந்தைங்களை வரிசையா உக்கார வெச்சு, தொடையில தாளம் தட்ட வெச்சு ஸ்வரம் சொல்லித் தர்றாங்க. கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. நான் போடற சத்தத்துக்கு என்ன சொல்லப் போறாங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் வாசல்ல பாத்து, "சார், லயம் நன்னா சேர்ந்துடறது. ஆனா எடுப்பு?"ன்னாங்க. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. அடி மேல அடி விழுந்தா மட்டும் போதாது, இந்தப் பாட்டோட ஒண்ணு மேல அந்தப் பாட்டோட ஒண்ணு விழணும். இதோட அஞ்சுல அது ஒண்ணைத் தொடங்கினா வேகம் சரியா இருந்தாலும் காது ஒத்துக்காது. டி.ஜே. புத்தகங்கள்ல நாலு அடியா, எட்டு அடியா, முப்பத்திரண்டு அடியா எண்ணச் சொல்றதும் இதைத்தான். அக்ரஹாரத்துல ஏழு வயசுக் குழந்தை அதை விரல் விட்டு எண்ணுது.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அப்பா தானா வந்து உக்காந்துடறார். வரிசை அவர்தான் போடறார். "கலியாண வீட்டுல பந்திக்கு முந்தி இதப் போடக் கூடாதுல"ன்னு சட்டம் பேசறார். நான் சேர்க்கறேன், அவர் சொல்றார். அவரால முடியாததும் இருக்கு. சில பாட்டு ஆரம்பத்துல அடிச்சத்தமே இருக்காது, சிம்பல் மட்டும் 'ட்ஸ் ட்ஸ்'ன்னு வரும். அது அவரோட வலது பக்கம். உள்ளங்கையிலயும் தெரியாது. அந்த இடத்துல கையை எடுத்துட்டு என் முகத்தைப் பாப்பார்.

போன மாசம் அப்படி ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு எழுந்து போனார். திரும்பி வரும்போது காது மெஷின் போட்டிருந்தார். "அந்த ஜால்ரா சத்தம் வருதான்னு பாப்பம், போடு"ன்னார். வந்துது. முழுசா இல்ல, ஆனா வந்துது. மூணு பாட்டு முடிஞ்சும் கழட்டல. பையன் உள்ள வந்து "தாத்தா, சாப்பிட வாங்க"ன்னு சாதாரணமாச் சொன்னான். கத்தல. அவர் "வாரேன், இந்தத் தட்டு முடியட்டும்"னு பதில் சொன்னார். நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

தினமும் போடறாரான்னு கேட்டா, இல்ல. மார்க்கெட்டுக்குப் போனா இன்னும் இரைச்சல்தான்ங்கறார். ஊருக்குப் போறேன்ங்கற பேச்சும் நிக்கல. ஆனா இப்பல்லாம் "ரயில் எத்தனை மணிக்கு"ன்னு கேட்டா "ஞாயித்துக்கிழமை வேண்டாம், திங்கக்கிழமை பாப்பம்"ங்கறார். திங்கக்கிழமை கேக்கறதில்ல.

உங்க வீட்ல அம்மா, அப்பா, மாமியார், மாமனார் யாராவது வெளியூர்ல இருந்து வந்து உங்ககூட இருந்தா, ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, அவங்க சும்மா தலையாட்டறாங்களான்னு பாருங்க. ஆட்டினா காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. கத்தாதீங்க, முகத்துக்கு நேரா உக்காந்து கொஞ்சம் நிதானமாப் பேசுங்க. ரெண்டு, ஊர்ல அவங்க என்ன வேலை பாத்தாங்களோ அதுல ஏதாவது ஒரு துண்டு நம்ம வீட்டுக்குள்ள இருக்கான்னு தேடிப் பாருங்க. எங்க வீட்ல அது ஒரு டிரங்குப் பெட்டியில இருந்துது.

பி.கு. 1: பரண்ல ரெக்கார்ட் கிடந்தா பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வைக்காம, புத்தகம் மாதிரி நிக்க வெச்சு அடுக்குங்க. வெயில் படக் கூடாது, தட்டு வளைஞ்சுடும்.

பி.கு. 2: 78 சுத்து ஓடற பழைய பிளேயர் ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல.